விறகு பாய்லருடன் ஒன்பது வருடம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் என் பொறுப்பு. மணிக்கு 3 டன் நீராவி தரும் ஸ்மோக் டியூப் வகை, விறகில் ஓடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ பிரஷர் வரை அனுமதி உண்டு. நாங்கள் 7 கிலோவில் வைத்திருக்கிறோம். அந்த பிரஷரில் நீராவி சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும்.

இந்த வகையில் சூடான புகை குழாய்களுக்குள் போகும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். வாட்டர் டியூப்பில் தண்ணீர் குழாய்க்குள், நெருப்பு வெளியே. அனல்மின் நிலையங்களுக்கும் பெரிய சர்க்கரை ஆலைகளுக்கும் அதுதான். எங்களுடையதில் நிறையத் தண்ணீர் இருப்பதால், நாலு மெஷினுக்கு ஒரே நேரத்தில் ஸ்டீம் திறந்தாலும் பிரஷர் சட்டென்று விழாது. அது எனக்கு ரொம்பப் பிடித்த குணம். ஆனால் ஆறிப்போன பாய்லரைப் பொறுமையாகத்தான் சூடேற்ற வேண்டும். சுருள் குழாயில் கொஞ்சம் தண்ணீரே ஓடும் சின்ன காயில் வகை சில நிமிடத்தில் ஸ்டீம் கொடுத்துவிடும். ஆனால் சாயப்பட்டறை லோடு திடீர் திடீரென்று ஏறும், அதற்கு அது தாங்காது.

மூன்றாவது வருடம், தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு போட்டு ரீஜெனரேஷன் (புதுப்பித்தல்) செய்வதைச் சில வாரம் விட்டுவிட்டோம். போர் தண்ணீர் அப்படியே உள்ளே போனது. வழக்கமாக 200 டிகிரியைச் சுற்றி நிற்கும் புகைபோக்கிச் சூடு 260-க்கு ஏறியது. கரி அடைத்திருக்கும் என்று டியூப்களை பிரஷ் போட்டோம், சூடு இறங்கவில்லை. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்காக மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்தேன். டியூப்கள் மேல் முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு, நகத்தால் கீறினாலும் வரவில்லை. விறகு ஏன் அவ்வளவு தின்றது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு டியூப் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது ஷிஃப்டுக்கு ஒருமுறை சின்ன பாட்டிலில் சாஃப்ட்னர் தண்ணீர் பிடித்து, கடினத்தன்மை காட்டும் இண்டிகேட்டர் விடுகிறேன். நீலம் என்றால் சரி, சிவந்தால் உப்புத் தொட்டிக்கு ஓட வேண்டும். அப்புறம், மெஷினிலிருந்து திரும்பும் கண்டென்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து ஆன சுடுதண்ணீரை, கீழே விடாதீர்கள். பாய்லருக்குள் போகும் ஃபீட் தண்ணீர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம். ஆனால் அதன் நிறத்தைத் தினமும் பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒழுகினால் சாயம் பாய்லருக்கே வந்துவிடும்.

புதிதாக வரும் ஹெல்பரை முதலில், பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் முன்னால் நிறுத்துகிறேன். டிரெயினைத் திறந்து மூடினால் தண்ணீர் உடனே ஏறி நிற்க வேண்டும். கண்ணாடியில் தண்ணீரே தெரியாவிட்டால் பம்பைப் போடவே கூடாது. காய்ந்து பழுத்த டியூபில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கலாம். நெருப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு என்பேன், திருப்பிச் சொல்லவும் வைப்பேன்.