எந்த மேஜர் என்ற கேள்விக்கு ஃபார்ம்கேஸ் தரும் விடை

அமெரிக்காவில் பார்மசி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஃபார்ம்கேஸைப் பெரும்பாலான மாணவர்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில்தான் முதன்முறையாகத் திறந்து பார்க்கிறார்கள். பார்மசி கல்லூரிகளின் அமெரிக்கச் சங்கம் நடத்தும் இச்சேவையில் ஒரே விண்ணப்பத்தை நிரப்பிப் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம் என்பதுதான் எல்லாரும் அறிந்த பயன். நியூ ஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடித்த என் அண்ணன் மகளுக்காக நான் இதைப் பார்க்கத் தொடங்கிய காரணம் வேறு. பார்மசிக்குப் போக நினைப்பவர் இளநிலையில் எந்த மேஜரை, அதாவது எந்த முதன்மைப் பாடத்தை, எடுப்பது என்று முடிவு செய்யும் வேலைக்கு இதைவிட நல்ல கருவி என் கண்ணில் படவில்லை. அப்படிப் பயன்படுத்துவோர் குறைவு என்பதால் இந்த மதிப்புரையையும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

இங்கு மருந்தாளுநர் ஆவதற்கான பட்டம் ஃபார்ம்.டி. எனப்படும் டாக்டர் ஆஃப் பார்மசி ஒன்றுதான், பழைய இளநிலைப் பார்மசிப் பட்டம் 2000களின் முதற்பகுதியிலேயே வழக்கொழிந்துவிட்டது. ஃபார்ம்.டி. பெரும்பாலான இடங்களில் நான்கு ஆண்டுகள், சில இடங்களில் மூன்று ஆண்டுகள். அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் கல்லூரிப் பாடங்களை முடித்திருந்தால் போதும் என்று பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. இளநிலைப் பட்டம் கேட்கும் கல்லூரிகளும் பொதுவாக இன்ன மேஜர்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. அவை கேட்பது குறிப்பிட்ட சில பாடங்களை, உரிய மதிப்பெண்ணோடு. ரட்கர்ஸ், செயின்ட் ஜான்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் பள்ளியிலிருந்தே ஆறாண்டுப் படிப்பில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆகவே மேஜர் பற்றிய கேள்வி உண்மையில் பாடப் பட்டியல் பற்றிய கேள்வி. ஃபார்ம்கேஸின் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் எந்தெந்த முன்தேவைப் பாடங்களைக் கேட்கிறது என்ற விவரம் இருக்கிறது. விண்ணப்பக் கணக்கு தொடங்காமலே, காசு கட்டாமலே அதைப் படிக்கலாம். இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பது என் கணிப்பு. மாணவர் விரும்பும் ஐந்தாறு கல்லூரிகளை எடுத்து, அவை கேட்கும் பாடங்களை ஒரு தாளில் அருகருகே எழுதிப் பார்த்தாலே படம் தெளிந்துவிடுகிறது. பொது வேதியியலும் கரிம வேதியியலும் ஆய்வகத்தோடு ஒவ்வொன்றும் இரண்டு பருவம், பொது உயிரியல், நுண்கணிதம் அல்லது புள்ளியியல் ஆகியவை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் வருகின்றன. உடற்கூறும் உடலியங்கியலும், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு உண்டு. மேடைப்பேச்சும் பொருளியலும் பட்டியலில் இருப்பதைப் பார்த்து அண்ணன் மகள் வியந்தாள். நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வதே அன்றாட வேலையாக இருக்கப்போகிற ஒருவருக்கு முன்னது தேவை என்பதில் எனக்கு வியப்பில்லை.

இந்தத் தாளைப் பல்கலைக்கழகத்தின் பட்டத் தேவைகளோடு ஒப்பிட்டால், உயிரியல் மேஜர்தான் இயல்பான தேர்வு என்ற பரவலான நம்பிக்கை சற்று ஆட்டம் காண்கிறது. உயிரியல் மாணவர் வேதியியல் பாடங்களையெல்லாம் எப்படியும் முடித்துவிடுவார். ஆனால் பரிணாமம், சூழலியல் என்று பார்மசி கல்லூரி கேட்காத பாடங்களுக்கும் அவர் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். உடற்கூறும் நுண்ணுயிரியலும் பல இடங்களில் விருப்பப் பாடங்களாக மட்டுமே இருக்கும். வேதியியல் மேஜரில் இயற்பியலும் நுண்கணிதமும் தாமாகவே முடிந்துவிடும், உயிரியல் பக்கம்தான் விடுபடும்; மேலாண்டுகளில் வரும் இயற்பிய வேதியியலின் கடினம் தனிக் கதை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம், பஃபலோ நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் ஆகியவற்றில் மருந்து அறிவியலிலேயே இளநிலைப் பட்டம் உண்டு. பட்டியலோடு நெருங்கி நிற்பது அதுதான். பொருளியலோ உளவியலோ எடுத்துக்கொண்டு, அறிவியல் பாடங்களைக் கூடுதலாகப் படித்தும் ஃபார்ம்.டி. சேரலாம்; பருவங்களைக் கவனமாகத் திட்டமிட்டால் அதில் தவறொன்றும் இல்லை.

குறைகளும் உண்டு. எந்தப் பாடம் வேண்டும் என்று பட்டியல் சொல்கிறதே தவிர, உங்கள் கல்லூரியில் அந்தப் பெயரில் நடக்கும் பாடம் ஏற்கப்படுமா என்று சொல்வதில்லை. சமுதாயக் கல்லூரியில் முடித்த உடற்கூறு செல்லுமா, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. தேர்வில் பெற்ற மதிப்பெண் போதுமா, எத்தனை ஆண்டு பழைய அறிவியல் பாடத்தை ஏற்பார்கள் என்பவற்றையெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதித்தான் உறுதி செய்ய வேண்டும். நேரில் ஆலோசனை தரும் அலுவலகம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்த்தோம். அண்ணன் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஆலோசகர், உயிரியல் எடுத்துக்கொள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கு உடற்கூறு வகுப்பின் இடங்கள் முதலில் செவிலியர் துறை மாணவர்களுக்கே ஒதுக்கப்படுகின்றன என்பது பதிவு செய்யும் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விண்ணப்பப் பகுதியில் மேஜரைத் தேர்ந்தெடுப்பவர் முன்கூட்டியே அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. படித்த ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண்ணையும் மாணவரே உள்ளிட வேண்டும். அதைக் கல்லூரிச் சான்றோடு சரிபார்த்து ஃபார்ம்கேஸ் தன் கணக்கில் சராசரி போடுகிறது, அறிவியல் பாடங்களுக்குத் தனிச் சராசரியும் உண்டு. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்திருந்தால் பழைய மதிப்பெண்ணும் அந்தக் கணக்கில் சேரும், உங்கள் பல்கலைக்கழகம் அதை நீக்கிவிட்டிருந்தாலும்கூட. பார்மசி சேர்க்கைக்கென்று இருந்த பிகேட் தேர்வும் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், பலவீனமான சராசரியை ஒரு நாள் தேர்வில் ஈடுகட்டும் வழி இப்போது இல்லை. கடினமான மேஜர் எடுத்தால் சேர்க்கைக் குழு மதிக்கும் என்று உறவினர் சொல்வதைக் கேட்டு, பிடிக்காத பாடத்தில் சி மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்வதைவிட, முன்தேவைப் பாடங்களுக்கு நேரம் விட்டுவைக்கும் மேஜரே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் நான்காண்டு பி.பார்ம். முடித்துவிட்டு இங்கு வருவோரும் இந்தச் சேவையின் வாசலுக்கு வந்து சேர்வதுண்டு. வெளிநாட்டுப் பார்மசி பட்டதாரிகளின் தகுதிச் சான்றுக்கு, 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களிடம் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசிப் படிப்பு கேட்கப்படுகிறது. நான்காண்டுப் பட்டம் அதற்குப் போதாது என்பதால், உரிமம் விரும்புவோர் பலர் இங்கே ஃபார்ம்.டி.யில் சேரப் பார்க்கிறார்கள். அவர்களுடைய இந்திய மதிப்பெண் சான்றுகளுக்குப் பல கல்லூரிகள் தனி மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். அதற்குப் பணமும் காலமும் தனியாக ஒதுக்க வேண்டும்.

இரண்டே ஆண்டில் பார்மசிக்குத் தாவிவிடலாமா, பட்டத்தை முடித்துவிட்டுப் போகலாமா என்பதற்கு மட்டும் ஃபார்ம்கேஸிடம் விடை கிடையாது. பட்டமில்லாமல் ஃபார்ம்.டி.யில் நுழைந்து நடுவில் விலகினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. முதல் பார்மசி ஆண்டின் பாடங்களை இளநிலைப் பட்டத்துக்கும் கணக்கிடும் மூன்றாண்டு இளநிலைப் படிப்பும் நான்காண்டு ஃபார்ம்.டி.யும் சேர்ந்த ஏற்பாடு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தில் அது எந்த மேஜர்களுக்குப் பொருந்தும் என்று முதலாண்டிலேயே விசாரித்துவிடுவது நல்லது. முன்தேவைகள் மாறக்கூடியவை என்பதால், முன்பு எழுதி வைத்த தாளை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு பருவமும் பாடங்களுக்குப் பதிவு செய்வதற்கு முன் பட்டியலை மறுபடியும் திறந்து பார்க்கவும்.