பாட்டிலா, சங்கா? அம்மா வீட்டில் இல்லாத நேரத்துப் பால்

விடுப்பு முடிந்தோ, விடுப்பே கிடைக்காமலோ வேலைக்குப் போகும் தாய் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகிறார். அதை எதில் ஊட்டுவது, பாட்டிலிலா, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான சங்கிலா? மார்பில் நேராகக் குடிப்பதற்கு இரண்டுமே ஈடில்லை என்பதில் விவாதம் கிடையாது. சுத்தத்தில் சங்கு ஜெயிக்கிறது: ஒற்றைத் துண்டு எவர்சில்வர், கழுவி, கொதிக்கவைத்து எடுத்தால் போதும். பாட்டிலில் நிப்பிளின் உள்பக்கம், வளையம், மூடியின் மரை என்று பால் தங்கப் பல இடம். நேரத்தில் பெரும்பாலும் பாட்டில் ஜெயிக்கிறது: சங்குக்குக் கூடுதல் நேரம் பிடிக்கலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது இவை இரண்டுமல்ல. போதும் என்று சொல்வது யார் என்பதுதான்.

மார்பில் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் விட்டுவிடும். எத்தனை மில்லி போயிற்று என்று அம்மாவுக்கே தெரியாது; அதனால் வற்புறுத்தவும் வழியில்லை. பாட்டிலில் கோடு இருக்கிறது. 120 மில்லியில் 20 மிச்சம் என்றால் கை தானாக நிப்பிளைத் திரும்ப வாயில் வைக்கிறது. நிப்பிள் அண்ணத்தில் பட்டாலே பச்சைக் குழந்தை உறிஞ்சும், பசி இருக்க வேண்டியதில்லை. 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தொடக்க மாதங்களில் மார்பில் மட்டும் குடித்தவர்களில் 27 விழுக்காட்டினர்தான் பிந்திய மாதங்களில் பாட்டிலையோ கப்பையோ காலி செய்தார்கள். பாட்டிலில் மட்டும் குடித்தவர்களில் 68 விழுக்காட்டினர். 2012இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் முக்கியம். தாய்ப்பாலையே பாட்டிலில் மட்டும் குடித்த குழந்தைகள், மார்பில் குடித்தவர்களைவிட மாதம் 89 கிராம் கூடுதலாக எடை ஏறினார்கள். அதே பால், வேறு பாத்திரம். முதல் மாதங்களில் எடை மளமளவென்று ஏறுவதற்கும் பிற்காலப் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்பதால் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

இந்த எண்கள் மார்புக்கும் பாட்டிலுக்கும் இடையிலானவை. சங்கிலும் மார்பைப் போலக் குழந்தையே ‘போதும்’ என்று நிறுத்த முடியும் என்று அவற்றை நீட்டுவது என் அனுமானம். தாய்ப்பால் கொடுத்தாலே பருமன் வராது என்றும் சொல்ல மாட்டேன். பெலாரஸில் 17,000க்கும் மேற்பட்ட தாய்-சேய்களை வைத்து 1996இல் தொடங்கிய பெரிய சோதனையில், தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்தது பதினொன்றரை வயதில் பருமனைக் குறைக்கவில்லை.

சங்கையும் தப்பாகப் பிடிக்கலாம். காலில் மல்லாக்கப் போட்டு, அழும் வாயில் ஊற்றுவது பாட்டிலைவிட மோசம். புரையேறும், ‘போதும்’ என்று காட்டக்கூட இடமிருக்காது. குழந்தை முழித்திருக்க வேண்டும். தலையையும் முதுகையும் தாங்கி நிமிர்த்தி உட்கார வையுங்கள். சங்கில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். சங்கின் மூக்கு குழந்தையின் கீழுதட்டைத் தொட்டு நிற்க, பால் உதடு வரை வரும்படி சாய்த்தால் போதும். குழந்தையே நக்கியும் உறிஞ்சியும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மடக்கும் உள்ளே போனபின் அடுத்தது. கொஞ்சம் சிந்தும், கழுத்தில் துணி கட்டுங்கள். முகத்தைத் திருப்பினால், உதட்டை மூடினால், இறுக்கியிருந்த விரல்கள் தளர்ந்தால் முடிந்தது. ஆறு மாதம் தாண்டினால் சின்ன டம்ளருக்கே மாறிவிடலாம்.

பாட்டில்தான் முடியும் என்ற வீடுகளில் மெதுவாக வரும் நிப்பிள் வாங்கி, பாட்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். 20, 30 மில்லிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பாட்டிலோடு தூங்க வைக்காதீர்கள். கஞ்சியையும் பிஸ்கட்டையும் அதில் கரைக்காதீர்கள். பவுடர் பால் என்றால் கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். குவித்துப் போட்டால் கலோரி ஏறும், தாகத்தில் அழும், அதைப் பசியென்று நினைத்து இன்னும் ஊட்டுவோம்.

எதில் கொடுத்தாலும் கடைசி 20 மில்லியைத் திணிக்க வைப்பது பெரும்பாலும் வீணாகிறதே என்ற ஆதங்கம்தான். பீய்ச்சி எடுத்த பால் அல்லவா, மனசு வராது. அதனால் ஃப்ரிட்ஜில் 150 மில்லியாக வைக்காமல் 60 மில்லி டப்பாக்களாக வையுங்கள். ஒன்றை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்து, இன்னும் கேட்டால் மட்டும் அடுத்ததை எடுங்கள்.