விரல் மடங்காதவர்களுக்கு இந்த பிரஷ் ஒரு வரம்

போனோடு இணையும் எலக்ட்ரிக் டூத் பிரஷ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வீட்டில் கை ஒத்துழைக்காத பெரியவர் ஒருவர் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். போன் இணைப்புக்காக என்று மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஈரோட்டில் எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒரே கைப்பிடியை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பிரஷ் தலையை (நார் உள்ள முனையை) மாட்டிப் பல் தேய்க்கிறோம். தலையின் அடியில் கலர் வளையம் இருப்பதால் யாருடையது எது என்பதில் குழப்பமில்லை.

வாங்கியதே அத்தைக்காகத்தான். அவருக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துப்போய் மடங்காது. சாதாரண பிரஷ்ஷின் மெல்லிய காம்பைப் பிடித்துத் தேய்ப்பது பெரும்பாடு. முன்பற்களோடு நிறுத்திக்கொள்வார். கடைவாய்ப் பக்கம் காரை ஏறி, ஈறில் ரத்தம் கசிந்தது. காரையைச் சுரண்டி எடுத்து ஸ்கேலிங் செய்த பல் டாக்டர்தான் இந்த எலக்ட்ரிக் பிரஷ்ஷைச் சொன்னார். இதன் கைப்பிடி தடிமனானது, முழுக் கையாலும் பிடிக்கலாம். தலை தானே அசைகிறது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு பல்லாக மெதுவாக நகர்த்தினால் போதும். நாம் தேய்க்கவே வேண்டியதில்லை.

முதல் நாள் அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, வாய்க்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குது" என்றார். வேண்டாம் என்றும் சொன்னார். வாய்க்குள் வைத்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும், எடுப்பதற்கு முன்பே அணைக்க வேண்டும் என்பது பழகியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது (வெளியிலேயே ஆன் செய்தால் பேஸ்ட் கண்ணாடி முழுக்கத் தெறிக்கும்). இப்போது அவர் யாரையும் எதிர்பார்க்காமல் கடைசிப் பல் வரை தேய்க்கிறார். அடுத்த முறை பார்த்தபோது ஈறு இறுகியிருப்பதாக டாக்டரே சொன்னார். மற்றதெல்லாம் சுமாராக இருந்திருந்தாலும் இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

இதன் பிறப்பே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். 1954-இல் ஸ்விட்சர்லாந்தில் பிலிப்-கை வூக் என்பவர் உருவாக்கிய 'பிராக்ஸோடென்ட்' தான் மின்சார பிரஷ்களின் முன்னோடி. கையை நன்றாக அசைக்க முடியாதவர்களையும் பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது அது. நல்ல கையும் காலும் உள்ளவர்களுக்குக்கூடப் பயனில்லாமல் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்று மாதங்களுக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு, கையால் தேய்ப்பதைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அடுத்தபடியாகப் பலன் கண்டவர் என் வீட்டுக்காரர். அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்பது அவர் கட்சி. ஈறு இறங்கி, பல்லின் வேர்ப்பக்கம் தெரிய ஆரம்பித்து, புளிப்பும் குளிரும் பட்டாலே கூசும். இந்த பிரஷ்ஷில் அழுத்தம் கூடினால் சிவப்பு விளக்கு எரியும், வேகமும் குறையும். நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் கேட்காதவர் விளக்கு சொன்னதைக் கேட்டுக்கொண்டார். இறங்கிய ஈறு திரும்ப ஏறாது. மேற்கொண்டு இறங்காமல் இருக்கிறதே, அதுவே பெரிய ஆறுதல். அப்புறம் அந்த டைமர். 30 விநாடிக்கு ஒருமுறை லேசாக விட்டுவிட்டு அதிரும், அடுத்த பக்கம் போ என்று. நான்கு பக்கமும் முடிந்தால் 2 நிமிஷம். இந்த இரண்டு வசதிக்கும் போன் தேவையே இல்லை.

போன் செயலிக்கு வருவோம். ப்ளூடூத்தில் இணைந்து, வாயின் படத்தைக் காட்டி, தேய்த்த இடத்துக்கு நிறம் மாற்றும். ஏழாவது படிக்கும் மகன் கொஞ்ச நாள் ஆர்வமாகப் பார்த்தான். வாஷ்பேசின் முன்னால் ஈரக் கையோடு போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. யார் தேய்க்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. நான்கு பேர் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கணக்குத் தொடங்கு, இருப்பிடத்தைக் காட்ட அனுமதி கொடு என்று கேட்கிறது. பல் தேய்க்க என் இருப்பிடம் எதற்கு? செயலியை நீக்கிவிட்டேன். பிரஷ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது.

குறைகளும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். தலை மாட்டும் இரும்புத் தண்டைச் சுற்றி வெள்ளையாகப் படிகிறது, உள்ளே பேஸ்ட் கசடும் கறுப்பாகச் சேர்கிறது. தலையைக் கழற்றிக் கழுவி, துடைத்துத் தனியாக வைக்க வேண்டும். பாத்ரூமில் கீஸர் பிளக்கைத் தவிர வேறு இல்லாததால் சார்ஜர் ஸ்டாண்டு ஹால் அலமாரியில்தான் இருக்கிறது. ஒருமுறை சார்ஜ் செய்தால் பல நாள் வருவதால் பவர்கட் ஒரு பொருட்டில்லை.

கையைக் கடிப்பது தலைகள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதுவும் நான்கு பேருக்கு. சாதாரண பிரஷ் வாங்கும் காசில் ஒரு தலைகூட வராது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறு கம்பெனித் தலை ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். தண்டில் சரியாக உட்காராமல் ஆடியது, தூக்கிப் போட்டேன். பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கிறது. அது போனால் மாற்றித் தர முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று கஸ்டமர் கேரில் கையை விரித்துவிட்டார்கள். ஓடுகிற மோட்டாரைக் குப்பையில் போடச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு கடையில் அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். சில மாடல்களில் பட்டன் கல்லாக இருக்கிறது, வலிக்கிற கட்டைவிரலால் அழுத்த முடியாது. அழுத்த அழுத்த மோடு மாறிக்கொண்டே போகும் மாடலும் வேண்டாம். டைமர், அழுத்த விளக்கு இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.