அவுட்போர்டு கார்புரேட்டர்: ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, பழசா?

குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளங்களின் பின்புறம் மாட்டி ஓட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்களில் பல, பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவது கார்புரேட்டர். இவற்றுக்கு மாற்றுக் கார்புரேட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பழையதைக் கழற்றிப் பாருங்கள். ஐட்லிங்கில், அதாவது வேகம் கொடுக்காமல் ஓடும்போது, நின்றுபோனால் பெரும்பாலும் சின்ன ஜெட்டில் (எரிபொருள் அளவாகப் போகும் துளையுள்ள திருகில்) அடைப்புதான் இருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதி, கேஸ்கெட்டும் ஊசி வால்வும் உள்ள ரிப்பேர் கிட் போட்டாலே சரியாகிவிடும். கம்பி விட்டு மட்டும் குடையாதீர்கள், ஜெட் துளை பெரிதாகிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் ஷாஃப்ட் ஆடுகிறதா, அடியில் எரிபொருள் நிற்கும் கிண்ணத்தின் உள்பக்கத்தை உப்பு அரித்துக் குழி விழுந்திருக்கிறதா? அப்படியானால் மாற்றத்தான் வேண்டும்.

டூப்ளிகேட்டின் விலை ஆசை காட்டும். கையில் வாங்கிப் பார்த்தால் ஒரிஜினல் போலவே இருக்கும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அங்கே எஞ்சினுக்குப் பாரமே இல்லை. வலையும் ஐஸும் ஆட்களும் ஏறிய வள்ளத்தை முழு த்ராட்டிலில் ஓட்டும்போதுதான் ஜெட்டின் உண்மையான அளவு வெளியே வரும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. துளை கொஞ்சம் சிறிதாக இருந்தால் எரிபொருளோடு ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சாலையில் பைக் நின்றால் தள்ளிக்கொண்டாவது வரலாம். கடலில் என்ன செய்வது?

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. வாங்கிய மூன்றாவது வாரமே டூப்ளிகேட்டில் எரிபொருள் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு சரியாக மூடவில்லை. எரிபொருள் வழிந்து ஸ்பார்க் பிளக் நனைந்து எஞ்சின் நின்றது. பக்கத்தில் இருந்த வள்ளத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்று காற்றும் கொஞ்சம் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

அதனால் புது ஒரிஜினலுக்குப் பணம் இல்லையென்றால் பழைய ஒரிஜினலைத் தேடுங்கள் என்பேன். கிட் போட்டால் நன்றாக ஓடும். ஆனால் எஞ்சின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சில மாடல்களில் 9.9 குதிரைத்திறனுக்கும் 15-க்கும் எஞ்சின் பிளாக் ஒன்றே, கார்புரேட்டர் வேறு. அதேபோல் பெட்ரோல் எஞ்சினில் இருந்ததை மண்ணெண்ணெய் எஞ்சினில் மாட்டக் கூடாது. ஜெட்டின் மேல் பொறித்த எண்ணை உங்கள் பழைய ஜெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புது ஒரிஜினல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலை கூடுதல், சில சமயம் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தினமும் தொலைவு போகிறவர்கள் எப்படியாவது அதையே வாங்கிவிடுங்கள்.

எதை மாட்டினாலும் பராமரிப்பு ஒன்றுதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆடிக்காற்றில் வள்ளம் கரையேறி நிற்கும் நாட்களில் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து எரிபொருளை வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடி வந்தால், நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். மறுநாள் கயிறு இழுக்கும்போது லேசாக ஸ்டார்ட் ஆகும்.

அப்புறம், பழையதைக் கழற்றும் முன் ஐட்லிங் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். புதியதை அந்த அளவிலிருந்தே சரிசெய்யத் தொடங்கலாம். முதல் நாள் கரைக்குப் பக்கத்திலேயே பாரத்தோடு ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ஜெட்டைச் சரிபார்க்காமல் கடலுக்குப் போகாதீர்கள்.