ஒரே மட்டக்குதிரை, தாய்க்கும் பிள்ளைகளுக்கும்: நிலாவெளி வீதி லாயமொன்றின் மாதக் குத்தகைச் சேவை

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போகும்போது, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பனங்கூடலை ஒட்டி இயங்குகின்ற சிறிய லாயமொன்று மட்டக்குதிரைகளைக் குடும்பங்களுக்கு மாதக் குத்தகைக்கு விடுகிறது. உல்லாசப் பயணிகளைக் கடற்கரையில் ஏற்றி இறக்குவதுதான் அவர்களுடைய முதன்மைத் தொழில். குத்தகை என்பது, பயணிகள் வராத மாதங்களில் தீனிச் செலவைச் சமாளிப்பதற்காகப் பின்னர் தொடங்கிய ஏற்பாடு. குதிரை லாயத்திலேயே நிற்கும். தீனி, குளம்பு சீவுதல், மிருக வைத்தியர் செலவு யாவும் அவர்கள் பொறுப்பு. குறித்த காலை மாலை வேளைகளில் குதிரை நமக்கு மட்டுமே உரியது. பழகிப் பார்த்துப் பிடித்துப்போனால் விலைக்கும் தருகிறார்கள். ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் ஏறவும், அவர்கள் ஏறுவதற்கு முன்போ பின்போ நான் ஏறவும் ஏற்ற ஒரே குதிரை வேண்டும் என்பதே என் தேவை. அந்த ஒரு தேவையை வைத்தே இச்சேவையை இங்கு மதிப்பிடுகிறேன்.

இத்தகைய குதிரைகளை இனம் பார்த்துத் தெரிவு செய்யும் வசதி பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ளவர்களுக்கு உண்டு. தோள்மேடு வரை அளந்தால் 58 அங்குல உயரத்துக்கு மேற்படாதது மட்டக்குதிரை என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. அந்த எல்லைக்குள்ளேயே ஹைலண்ட், ஃபெல், டேல்ஸ், கொனிமாரா போன்ற இனங்கள் பெரியவரையும் பிள்ளையையும் மாறிமாறிச் சுமப்பதில் பெயர் பெற்றவை. ஸ்கொட்லாந்து மலைச்சரிவுகளில் வேட்டையாடப்பட்ட கலைமானை முதுகில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்த ஹைலண்டுக்கு ஒரு தாயின் எடை பெரிய விடயமன்று. ஆனால் குளிருக்கென்றே அடர்ந்த மயிர் வளர்க்கும் அந்த இனங்களை நம்முடைய வெயிலில் நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வராது. நெடுந்தீவுக் குதிரைகளை வாங்கலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து அத்தீவில் கட்டின்றித் திரியும் அவை பாதுகாக்கப்பட வேண்டியவையே தவிர, பிடித்து வந்து சேணம் போடுவதற்கானவை அல்ல. ஆகவே இங்கு கிடைப்பவை பெரும்பாலும் கலப்புக் குதிரைகள். இனத்தின் பெயர் நமக்கு எதையும் சொல்லாது. எதிரே நிற்கும் குதிரையைத்தான் பார்க்க வேண்டும்.

லாயத்தில் முதலில் காட்டியது 46 அங்குல உயரமுள்ள சாம்பல் நிறக் குதிரை. பிள்ளைகள் இருவரும் அதைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாவது, நுவரெலியாப் பந்தயத் திடலில் ஓடி ஓய்வு பெற்றதாகச் சொல்லப்பட்ட உயர்ந்த குதிரை. எனக்கு அது பொருந்தும், ஆனால் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒரு பிராணியின் முதுகில் ஆறு வயதுப் பிள்ளையை ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. மூன்றாவது, பதினான்கு வயது என்று பல்லைக் காட்டிச் சொன்ன, விதை நீக்கிய செம்பழுப்பு ஆண்குதிரை. உயரம் 54 அங்குலம். குட்டையான முதுகு, அகன்ற நெஞ்சு, தடித்த முன்கால் எலும்பு. உயரத்தை மட்டும் பார்த்தால் இது எனக்குச் சிறியது போலத் தோன்றும். ஆனால் சுமப்பது எலும்பும் உடல் எடையுமே, உயரம் சுமப்பதில்லை.

இந்த இடத்தில் லாயக்காரர் கணக்கும் என் கணக்கும் வேறுபட்டன. “நானூறு கிலோ வரும் தங்கச்சி, ஐயாவும் ஏறலாம்” என்றார். சேணத்தையும் சேர்த்து, ஏறுபவரின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. தராசு இல்லாத இடத்தில் தையற்காரரின் அளவு நாடாவே போதும்: முன்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிட்டத்தட்டக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 168, நீளம் 150. விடை 356 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 71 கிலோ. என் எடை 61, சேணம் 8, சப்பாத்தும் தலைக்கவசமும் சேர்த்தால் நான் எல்லைக் கோட்டின் மீதே நிற்கிறேன். என் கணவருக்கு இடமே இல்லை. லாயக்காரர் நாடாவை வாங்கித் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இறுகாத மணலில் கால் புதையப் புதைய நடப்பது குதிரைக்கு இரட்டை வேலை என்பதால், நான் ஏறும்போது அலை நனைத்து இறுகிய ஓரத்திலோ உள்பாதையிலோ நடையிலேயே போகிறேன்.

எடை ஒரு பாதி, குணம் மறுபாதி. கடற்கரையில் பயணிகளை ஏற்றிப் பழகிய குதிரை சாதுவாக நிற்கிறதே என்று மயங்கக்கூடாது. முன்னே போகும் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு பின்னே நடப்பது சாதுத்தனம் அன்று, பழக்கம். அதைத் தனியே, கூட்டாளிக் குதிரைகள் கண்ணுக்கு மறையும் தூரம் வரை கூட்டிக்கொண்டு போகவும், வழியில் நிறுத்தி நிற்க வைக்கவும், வீடு திரும்பும்போது வேகம் எடுக்கிறதா என்று பார்க்கவும் நான் கேட்டேன். அதற்கு அவர்கள் தயங்கவில்லை. முதலில் லாயத்துப் பையனை ஏற்றிக் காட்டினார்கள், பிறகுதான் என்னை ஏறச் சொன்னார்கள். உப்புவெளிப் பக்கமாகப் போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கயிறு மணலில் பாம்பாக நகர்ந்து வர, நாய்கள் குரைக்க, யாரோ ஒருவர் வள்ளத்தின் இயந்திரத்தை முடுக்கினார். குதிரை காதுகளை முன்னே நிமிர்த்தி, கயிற்றை முகர்ந்து, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, கயிற்றைத் தாண்டி நடந்தது. இளங்குதிரை ஒன்றிடம் இதை எதிர்பார்க்க முடியாது. பத்து வயதுக்குக் கீழே இருப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரே குதிரை என்பதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. பெரியவர் தன் காலால் குதிரையின் விலாவை அழுத்திப் பேசுகிறார். ஆறு வயதுப் பிள்ளையின் கால் சேணத்தின் தோல் மடிப்பைத் தாண்டிக் கீழே எட்டுவதே இல்லை. காலுக்கு மட்டும் கூர்மையாகப் பழக்கிய குதிரை பிள்ளையின் கீழே குழம்பி நிற்கும். காலே உறைக்காதபடி மரத்துப்போன குதிரை பெரியவருக்குப் பயன்படாது. குரலுக்கும் கீழ்ப்படிகின்ற குதிரைதான் இருவருக்கும் பொது. இந்தச் செம்பழுப்புக் குதிரை “நில்” என்ற மகனின் மெல்லிய குரலுக்கு நிற்கிறது, என் காலின் இலேசான அழுத்தத்துக்கும் நடையை நீட்டுகிறது. தரையில் அது நடந்துகொள்ளும் விதமும் இதே அளவு முக்கியம்: மகள் குளம்பைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறது, கடிவாளம் போடத் தலையைத் தாழ்த்துகிறது, பிள்ளையின் காலை மிதிக்காமல் பார்த்து வைக்கிறது. பிள்ளைகள் குதிரையோடு செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி முதுகில் அன்று, பக்கத்தில்தான்.

அப்படியானால் தாய்க்கு எதற்குச் சவாரி, பிள்ளைகளுக்கு மட்டும் சின்னதொன்றை எடுத்திருக்கலாமே என்று உறவினர் கேட்டார்கள். நான் ஏறக்கூடிய குதிரை பிள்ளைகளுக்காகவே தேவைப்படுகிறது. எவ்வளவு நல்ல மட்டக்குதிரையும் பிள்ளையின் கையில் சில வாரங்களில் குறும்பு கற்றுக்கொள்ளும். எங்களுடையது திடீரெனத் தலையைக் கீழே இழுத்துப் புல் மேயக் கற்றது. கடிவாள வாரோடு சேர்ந்து மகன் கழுத்துவரை சறுக்கி வந்தான். சாம்பல் நிறக் குட்டையனாக இருந்திருந்தால் அந்தப் பழக்கத்தைத் திருத்த அதன்மேல் ஏறக்கூடிய ஆள் வீட்டில் இருந்திருக்க மாட்டார். நான் ஏறி, தலை தாழும்போதெல்லாம் நிற்க விடாமல் முன்னே நடத்த நடத்த, அது மறந்தது. வாரத்தின் முதற் சவாரியை நானே எடுத்துக்கொள்வது இப்போது எங்கள் வழக்கம்.

சேவையில் குறை சொல்ல வேண்டியது சேணத்தைப் பற்றித்தான். ஒரே சேணத்தைப் பெரியவருக்கும் பிள்ளைக்கும் கொடுத்து, அங்கவடி, அதாவது ஏறுபவர் பாதம் வைக்கும் வளையம், தொங்கும் வாரில் கூடுதல் துளை போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பெரியவரின் அங்கவடி வளையம் அகலமானது. பிள்ளையின் பாதம் முழுவதுமாக அதற்குள் நுழைந்துவிட்டால், விழும்போது கால் கழலாமல் பிள்ளை இழுபடும். நான் இதைச் சொன்ன பிறகும் நெடுநாள் இழுத்தடித்தார்கள். இறுதியில் பிள்ளைகளுக்கான சிறிய அங்கவடிகளை நானே கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். தலைக்கவசங்களும் அவ்வாறே: மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் பாரமும் உருவமும் வேறானது, குதிரையேறுவதற்கென்று செய்ததைத்தான் அணிய வேண்டும், லாயத்தில் இருந்தவையோ தாடை வார் தேய்ந்தவை. சேணம் குதிரையின் முதுகில் ஒழுங்காகப் பொருந்துகிறது என்பதையும், கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். குட்டை முதுகுக் குதிரையில் பெரியவர் சேணம் போடும்போது தவறுவது அந்த இடத்தில்தான்.

பராமரிப்பு நன்று. 350 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்நிலையில் ஐந்து முதல் ஏழு கிலோ வரை புல்லோ காய்ந்த தீனியோ வேண்டும், அதைக் கொடுக்கிறார்கள். வைக்கோலை மட்டும் போட்டு வயிறு நிரப்புவதில்லை. கினிப் புல், நேப்பியர் வகைப் புல் போன்றவற்றிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் கல்சியத்தைப் பிணித்து உடலில் சேரவிடாது என்பதை அறிந்து, அதற்கு ஈடாகக் கல்சியம் கலந்த தீனியும் வைக்கிறார்கள். இதை நான் கேட்பதற்கு முன்பே அவர்களே சொன்னார்கள். குளம்பு சீவுபவர் ஆறு, ஏழு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு பிள்ளைகளுக்கே குதிரை தருவதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. சவாரி முடிந்ததும் குதிரையின் அடிவயிற்றோரம் ஏறி இறங்குவதை எண்ணிப் பார்க்க மகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் லாயத்துப் பையன்தான்: ஓய்வில் நிமிடத்துக்கு எட்டு முதல் பதினாறு மூச்சு, சற்று நேரத்தில் அந்த அளவை நோக்கி இறங்காவிட்டால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கட்டணம் குறைவல்ல, ஆனால் சொந்தமாக வாங்கி நிலமும் ஆளும் வைத்துப் பராமரிப்பதோடு ஒப்பிட்டால் பாரமும் அல்ல. பிள்ளைகளின் சேணச் சாமான்களை நீங்களே கொண்டுபோவதாக இருந்தால் இச்சேவைக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி தருவேன், இல்லையென்றால் மூன்றுதான். ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்கால மழையில் முற்றம் சேறாகி, பல வாரங்கள் சவாரியே இருக்காது. அம்மாதங்களுக்கும் முழுக் கட்டணம் என்றுதான் அச்சடித்த தாளில் இருக்கிறது. கேட்டால் பாதியாகக் குறைக்கிறார்கள், ஆனால் கேட்பவருக்கு மட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.