சுருட்டுப் பெட்டிக்குள் ஈரப்பதமானி: நான்கு வருடக் கணக்கு

சுருட்டுப் பெட்டியோடு வந்த ஈரப்பதமானியின் வட்ட டயல் எப்போது பார்த்தாலும் 68 சதவீதம் காட்டும். ஏசி ஓடினாலும் 68. ஐப்பசி மழையில் சன்னலைத் திறந்து வைத்தாலும் 68. பெட்டி அவ்வளவு நேர்த்தி என்று எனக்கு ஒரே பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் முள்ளைக் காட்டி, "பாருங்க, இம்மி அசையல" என்பேன். 2021 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தால், அடித்தட்டில் இருந்த மூன்று சுருட்டுகளின் மேல் சாம்பல் பச்சையாகப் பூசணம். மூடியைச் சாத்திவிட்டு டயலைப் பார்த்தேன். 68.

அன்றிலிருந்து நான்கு வருடத்தில் ஆறு மீட்டர் பார்த்தாயிற்று. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ சுருட்டு பிடிக்கிறவன் நான். புகையிலை உடம்புக்குக் கெடுதல் என்பதில் எனக்கும் என் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இங்கே சொல்ல வருவது மீட்டரைப் பற்றி மட்டும்தான். கேமரா லென்ஸை அலமாரியில் பூட்டி வைப்பவர்களுக்கும் வீணைப் பெட்டிக்குள் மீட்டர் போட்டிருப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படலாம்.

தாத்தா திண்டுக்கல் சுருட்டைத் தகர டப்பாவில் போட்டு அலமாரியில் வைப்பார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு' போய்த் தந்ததுதான். இந்தக் காற்றிலேயே பிறந்து இந்தக் காற்றிலேயே புகைந்த சரக்குக்கு மீட்டர் எதற்கு? வெளிநாட்டுச் சுருட்டு வாங்கி ஏசி அறையில் மாதக்கணக்கில் வைக்க ஆரம்பித்ததும்தான் தொல்லை தொடங்கியது. அதற்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் மேலிலை வெடிக்கும், காட்டமாக எரியும். கூடினால் இழுவை அடைத்துக்கொள்ளும், அணைந்து அணைந்து போகும், 75ஐத் தாண்டி நின்றால் பூசணம். சென்னைக் காற்று பல மாதம் இந்த அளவைச் சுற்றியேதான் இருக்கும். மழைக்காலத்தில் 80ஐத் தாண்டும், ஏசி போட்டால் 50 சொச்சத்துக்கு இறங்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் பெட்டி அது.

சரி, பூசணம் பார்த்த அன்றே ஆன்லைனில் இரண்டு டிஜிட்டல் மீட்டர் தருவித்தேன். கறுப்பு நிறம், தீப்பெட்டி அளவு, ஜோடி 300 ரூபாய். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 61, இன்னொன்று 70. ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப அட்டையை எடுத்தேன். அதில் '5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று அச்சிட்டிருந்தது. உண்மை 66 என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கின்றன! திருப்பி அனுப்பவில்லை. ஆனால் எது சரி என்று சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த மூன்றாவது ஆள் அடுப்படியில் இருந்தது.

அம்மாவிடம் இரண்டு உப்பு ஜாடி உண்டு. அடைமழை நாளில், "உப்பு நீர் விட்டுடுச்சுடா" என்று கல்லுப்பு ஜாடியைச் சாய்த்துக் காட்டுவாள். அது வெறும் அலுப்பு இல்லை, ஒரு வகை அளவீடு. சுத்தமான சோடியம் குளோரைடு, சுற்றியுள்ள காற்று 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதையே திருப்பிப் போட்டால், ஈர உப்போடு மூடிய டப்பாவுக்குள் காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். 20 டிகிரியிலும் 75 சொச்சம், 30 டிகிரியிலும் 75 சொச்சம். இதைவிட மலிவான அளவுகோல் கிடையாது.

செய்முறை எளிது. தண்ணீர் பாட்டில் மூடி நிறைய உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். ஈர மணல் போல இருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. காற்றுப் புகாத, வெளியிலிருந்தே பார்க்க முடிகிற டப்பாவில் அதை வைத்து, பக்கத்தில் மீட்டர். உப்பு மீட்டரில் படக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். ஏசி காற்று நேராகப் படும் இடமோ வெயில் விழும் மேசையோ வேண்டாம். டப்பாவின் ஒரு பக்கம் குளிர்ந்தால் கணக்கே மாறிவிடும். காட்டும் எண்ணுக்கும் 75க்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிட வேண்டியதுதான்.

இதிலும் முதல் தடவை கோட்டை விட்டேன். கையில் கிடைத்தது என்று கல்லுப்பைப் போட்டேன். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும். அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கிற ஆசாமி. மழைக்காலத்தில் தூள் உப்புக்கு முன்னால் கல்லுப்பு நசநசப்பதும் அதனால்தான். விளைவு, டப்பாவுக்குள் 75 வரவே இல்லை. நான் அது தெரியாமல் எல்லா மீட்டருக்கும் 3 கூட்டி எழுதி வைத்து, ஒரு மாதம் சுருட்டை உலர்த்திக்கொண்டிருந்தேன். பாக்கெட் தூள் உப்பில் மறுபடி சோதித்தபோதுதான் குட்டு உடைந்தது.

அந்தச் சோதனையில் பெட்டி டயல் என்ன காட்டியது என்று கேட்பீர்கள். 68தான். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கடிகார வில் போல ஒரு சுருள். உலோகப் பட்டையின் மேல் ஈரத்தை உறிஞ்சும் பூச்சு. ஈரம் ஏறினால் பூச்சு விரியும், சுருள் திரும்பும், முள் நகரும். என்னுடையதில் பூச்சு உரிந்து, அச்சும் துருப்பிடித்து நின்றிருந்தது. பெட்டிக்கு அழகாக இருக்கட்டும் என்று வைக்கிற பொருள் அது.

எல்லா முள் மீட்டரையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. முடியால் வேலை செய்கிற வகை ஒன்று உண்டு. 1783இல் ஜெனீவாக்காரர் சொஸ்யூர் மனிதத் தலைமுடியைக் கட்டிச் செய்த கருவியின் வாரிசு அது. ஈரத்தில் முடி நீளும், அந்த நீட்சியே முள்ளைத் தள்ளும். ஆசைக்கு ஒன்று வாங்கினேன். நிதானமானது, உண்மையானது. ஆனால் வறண்ட இடத்திலேயே கிடந்தால் முடி சோம்பிப்போகும். அவ்வப்போது ஈரத்துணி சுற்றி ஒரு மணி நேரம் வைத்து, 95ஐ ஒட்டி முள்ளைத் திருத்த வேண்டும். பூனை வளர்க்கிற மாதிரி. இப்போது அது புத்தக அலமாரியில் இருக்கிறது, அங்கே நன்றாகவே உழைக்கிறது.

2022 தை மாதம் வாங்கிய ப்ளூடூத் மீட்டர்தான் இந்தப் பகிர்வின் கதாநாயகன். 1,500 ரூபாயை ஒட்டிய விலை. எண்ணை போனுக்கு அனுப்பும், பழைய கணக்கையும் தன் நினைவில் வைத்திருக்கும். இதற்குள் இருப்பது மின்தேக்கி வகை உணரி: மெல்லிய பாலிமர் படலம் ஈரத்தை வாங்கும்போது மின்தேக்குத் திறன் மாறும், அதைச் சில்லு எண்ணாக்கும். வாங்கும்போது வெளிப்பெட்டி அழகைப் பார்க்காமல் உள்ளே எந்த உணரி என்று பார்ப்பது நல்லது. சுவிஸ் நிறுவனமான சென்சிரியானின் எஸ்.எச்.டி. 40 என்றால் வழக்கமான பிழை 1.8 சதவீதம்; டி.எச்.டி. 11 என்றால் 5. விற்பவர் உணரியின் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்றால் பின்னதைப் போல ஒன்று என்று எடுத்துக்கொள்வேன்.

உப்புச் சோதனையில் முதல் நாள் அது 74 காட்டியது. அப்ளிகேஷனில் 1 கூட்டிவிட்டேன். இப்படித் திருத்தும் வசதி இல்லாத மீட்டரை இனி வாங்க மாட்டேன். அப்புறம் ஒரு தவறு செய்தேன். பெட்டிக்குப் புது சீடார் தட்டு ஒன்று வாங்கி, மரத்துக்கு ஈரம் ஏற்றுவதற்காக பொவேதா பொட்டலங்களை (காற்றின் ஈரத்தைக் குறித்த அளவில் நிறுத்துபவை; இவை 84 சதவீத வகை) போட்டு இரண்டு வாரம் மூடி வைத்தேன். (ஸ்பானிஷ் சீடார் என்கிறார்கள். அது சீடாரும் இல்லை, ஸ்பெயினும் இல்லை; வெப்பமண்டல அமெரிக்க மரம், நம் வேம்பின் குடும்பம்.) மீட்டரும் உள்ளேயே இருந்தது. வெளியே எடுத்த பிறகு பத்து நாள் வரை 3, 4 சதவீதம் கூட்டியே காட்டியது. இந்த வகை உணரிகள் 80க்கு மேல் நாட்கணக்கில் கிடந்தால் தற்காலிகமாக இப்படிக் கூட்டிச் சொல்லும். தயாரிப்பாளர் குறிப்பிலேயே இருக்கிறது, படிக்காதது என் குற்றம்.

அது தானாகத் திரும்பிவிட்டது. திரும்பாத விலகல் வேறு. ஒவ்வொரு பொங்கலுக்கும் உப்பில் வைத்து, திருத்தம் சேர்க்காத எண்ணைக் குறித்து வருகிறேன்: 2022இல் 74, 2023இல் 75, 2024இல் 76, 2025இல் 79. கடைசி வருடத் தாவலுக்கு என் சந்தேகம், இடையில் பயன்படுத்திய திரவ ஈரமூட்டியின் மேல். அந்தப் படலம் ஈரத்தை மட்டும் உறிஞ்சுவதில்லை. கரைப்பான் ஆவி, பசை வாசனை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்ட ஜாடியில் ஐந்து நாள் வைத்து எடுத்ததில் 77க்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. 79ஐ நம்பியிருந்தால் உண்மையான 61ஐ 65 என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அதற்காக அந்த மீட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். மிக்ஜாம் புயலின்போது அது செய்த வேலைக்கு இன்னும் இரண்டு தப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் தொடக்கம். எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வாசலில் முழங்கால் தண்ணீர், போன் செத்துவிட்டது, சுவரே வியர்த்தது, அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போனது. அந்த நேரத்தில் சுருட்டைப் பற்றி யார் நினைத்தார்கள்? கரண்ட் வந்து போனைச் சார்ஜ் போட்ட பிறகு மீட்டரின் நினைவிலிருந்து வரைகோடு இறங்கியது: மூன்று நாளில் 64இலிருந்து 67, அவ்வளவே. மரமும் புகையிலையும் நிறைந்த பெட்டி எவ்வளவு மெதுவாக அசையும் என்று அந்தக் கோட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதன் பிறகு நாளுக்கு நான்கு தடவை திறந்து பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஈரப்பதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் இருந்த வெப்பநிலை எண்ணைக் கவனிக்காமல் விட்டதும் உண்டு. '70க்கு 70' என்று சுருட்டுக்காரர்கள் சொல்வதில் இரண்டாவது 70 ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 21 டிகிரி. சென்னையில் அது மார்கழி விடியற்காலைச் சமாசாரம். 2024 அக்னி நட்சத்திரத்தில் பெட்டிக்குள் 31 தொட்டது. ஈரப்பதம் என்னவோ 66இல் சமர்த்தாக இருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு சுருட்டில் குண்டூசி குத்தியது போல் இரண்டு துளை, அடியில் பொடி. புகையிலை வண்டு. வீட்டில் மஞ்சளிலும் மிளகாய் வற்றலிலும் விழுகிறதே, அந்தப் பழுப்பு வண்டுதான். 30ஐ ஒட்டிய சூட்டில் அதற்குக் கொண்டாட்டம். 20க்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். மிச்சத்தை எல்லாம் பையில் கட்டி உறைபெட்டியில் போட்டுக் காப்பாற்றினேன். ஆகவே வெப்பநிலை காட்டாத ஈரப்பதமானி நம் ஊருக்குப் பாதி மீட்டர்தான்.

அந்த மாதமே சின்ன ஒயின் கூலர் ஒன்று வாங்கி, சுருட்டுகளை அதன் தட்டுகளில் அடுக்கினேன். உள்ளே மீட்டரை வைத்ததும் தலைவலி. கம்ப்ரசர் ஓடும்போது குளிர்ந்த தகட்டில் நீர் படிந்து 58க்கு விழும், நின்றதும் 69க்கு ஏறும். இரவெல்லாம் போன் அலாரம். மீட்டர் நொடியில் பதறும், சுருட்டு வாரக்கணக்கில்தான் மாறும். அலாரத்தை அணைத்துவிட்டு ஒரு நாள் சராசரியை மட்டும் பார்க்கிறேன், அது 64. சுருட்டும் சரியாக எரிகிறது. மரப்பெட்டி இப்போது சில மாதத்துச் சரக்குக்கு மட்டும்.

2025 பொங்கல் சோதனைக்குப் பிறகு அதே வகையில் இரண்டாவது மீட்டர் வாங்கினேன். உள்ளே எப்போதும் ஒன்றுதான். மற்றது சோதனையின்போது சாட்சிக்கு. பொட்டலத்தை ஒட்டி வைத்தால் மீட்டர் பொட்டலத்தின் ஈரத்தைத்தான் சொல்லும், அதனால் எதிர்மூலையில், சுருட்டுகளுக்கு நடுவே. பொத்தான் பேட்டரியைத் திரை மங்கும் வரை இழுக்காமல் வருடம் ஒரு முறை, உப்புச் சோதனைக்கு முதல் நாள் மாற்றுகிறேன். 300 ரூபாய் ஜோடியும் உயிரோடு இருக்கிறது: 61 காட்டியது இன்றும் 5 குறைத்தே காட்டுகிறது, விலகவே இல்லை. 5 கூட்டிப் படித்தால் அது ஒரு நல்ல மீட்டர்! மற்றது மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று சொல்கிறது. அதைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டி டயலை இந்த ஆடியில்தான் கழற்றினேன். அது இருந்த துளையில் விரலை வைத்தால் ஏசி காற்று சில்லென்று உள்ளே போவது தெரிந்தது. சீடார் துண்டு ஒன்றை வட்டமாகச் செதுக்கி அடைத்தேன். முன்பு இரண்டு மாதத்தில் கட்டிதட்டிப்போன 65 சதவீதப் பொட்டலம், நான்காவது மாதத்தில் இன்னும் மெத்தென்று இருக்கிறது.