விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டியில் எவ்வளவு ஆக்சிஜன்?

சென்னை கொளத்தூரில் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி வளர்த்த தைரியத்தில் மரைன் டேங்க், அதாவது கடல்மீன் தொட்டி, வைத்தவன் நான். நன்னீரில் இருக்கிற தாராளம் உப்புநீரில் கிடையாது என்பது அப்புறம்தான் புரிந்தது. 28 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.8 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், கடல்நீர் 6.4தான். கத்திரி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் 6.2. அதுவும் உச்சவரம்பு. இரவெல்லாம் மீன், பவளம், பாசி, பாக்டீரியா எல்லாம் மூச்சு விட்டு முடித்த விடியற்காலையில் கையில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு.

அதனால் எதை வைத்து அளக்கிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு அளக்கிறோம் என்பதுதான் முக்கியம். மாலை நாலு மணிக்கு, விளக்கு எரியும்போது அளந்தால் எந்தத் தொட்டியும் பாஸ்தான்.

சரி, கருவிக்கு வருவோம். சொட்டு கிட் மலிவு, ஆனால் கையில் நிதானம் வேண்டும். சோதனைக் குழாயைத் தண்ணீருக்குள் முக்கி, சாய்த்து, ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்ப வேண்டும். மாட்டிக்கொண்ட குமிழியில் இருக்கும் ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிடும். சொட்டு விட்டதும் பழுப்பாக ஒரு வீழ்படிவு இறங்கும். பிறகு அமிலம் விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். செல்போன் டார்ச்சில் பார்த்துவிட்டு ஐந்தா, ஏழா என்று நானும் மனைவியும் சண்டை போட்டிருக்கிறோம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றால் ஐந்து மணிக்கு ஏது வெளிச்சம்?

சவ்வு வைத்த மீட்டரில் அந்தத் தொல்லை இல்லை. எண் நேராகத் திரையில் வரும். ஆனால் அந்த எண்ணே ஏமாற்றும். உப்பளவை 35 என்று கொடுக்காமல் விட்டால் மீட்டர் நன்னீர்க் கணக்குப் போட்டு 7.8 காட்டும், நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம். மேலும் அந்த முனை ஆக்சிஜனைத் தின்றுகொண்டே அளப்பதால் நீரோட்டம் உள்ள இடத்தில் பிடிக்க வேண்டும். சவ்வையும் உள்ளிருக்கும் திரவத்தையும் அவ்வப்போது மாற்றவும் வேண்டும். ஒளியால் அளக்கும் மீட்டரில் பராமரிப்பு குறைவு. விலையைக் கேட்டால் அந்தப் பணத்தில் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரே வாங்கிவிடலாம் போலிருக்கும். வீட்டுத் தொட்டிக்கு அது அதிகம்.

சிலர் பிஎச் பார்த்தே ஊகிப்பார்கள். இரவில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற பிஎச் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் கதவு ஜன்னல் சாத்தி ஏசி போட்டு நாலு பேர் படுத்திருக்கும் அறையில் நம் மூச்சுக்காற்றே பிஎச்சை இறக்கிவிடும், ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போதே. என் ஓட்டு சொட்டு கிட்டுக்குத்தான். மாதம் ஒரு தடவை, புது மீன் விட்ட வாரத்தில் இன்னொரு தடவை.

அளவு குறைவாக வந்தால் பலரும் முதலில் தேடுவது காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் குமிழி உடைந்து தெறிக்கும் உப்பு மூடியிலும் விளக்கிலும் பிளக் பாயின்ட்டிலும் பூத்துவிடும். தொட்டிக்குள் நீரோட்டம் கிளப்பும் பம்ப்பான வேவ்மேக்கரின் மூக்கை மேற்பரப்பை நோக்கிக் கொஞ்சம் தூக்கி வைத்தால் அதே பலன், தெறிப்பும் இல்லை. நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவியான ஸ்கிம்மர், அந்த வேலையோடு காற்றையும் நன்றாகக் கலந்துவிடுகிறது. என் தொட்டி ஹாலில், சமையலறைக்கு எதிரே. தாளிக்கிற புகை படிந்து தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். அது காற்றுப் பரிமாற்றத்தைக் கெடுக்கும். கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்புக்கு நீர் வழியும் விளிம்பில் அந்தப் படலமும் சேர்ந்து போய்விட, ஸ்கிம்மர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே ஸ்கிம்மர், வேவ்மேக்கர் ஜோடிதான் என் தேர்வு.

இரண்டும் கரண்டில் ஓடுபவை என்பதுதான் சிக்கல். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்போது என்னிடம் இருந்தது இன்வெர்ட்டர் மட்டும். வேவ்மேக்கரை அதில் மாட்டியிருந்தேன். ஃபேனும் லைட்டும் சேர்ந்து இழுத்ததில் சாயங்காலமே பேட்டரி காலி. இரவெல்லாம் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், முறை வைத்து. விடிந்தபோது கோமாளி மீன்கள் இரண்டும் இருந்தன. எந்நேரமும் நீந்தி நிறைய ஆக்சிஜன் கேட்கும் டேங் (tang) வகைக் கடல்மீன் மணலில் செத்துக் கிடந்தது.

இன்வெர்ட்டர் இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டுக்குச் சரி, அதுவும் வீட்டுக் கரண்ட் போலவே சீரான மின்சாரம் தரும் சைன் வேவ் வகையாக இருந்தால். இல்லாவிட்டால் பம்ப் உறுமும், சூடாகும். புயலுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்தான். தெறிக்கும் உப்பை அன்றைக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த ஏர் பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே வைப்பதானால் ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். பம்ப் நின்றால் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி இறங்கித் தரைக்கு வந்துவிடும். அக்டோபர் பிறந்ததும் நான் பேட்டரிகளைப் புதிதாக மாற்றி, பழையதை டிவி ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் கொடுத்துவிடுகிறேன்.